பால்டர்ஸ் கேட்: முதல் பாகமா, இரண்டாம் பாகமா?

பழைய வில்லாளி:
1998 டிசம்பரில் வெளிவந்த பால்டர்ஸ் கேட் என்னும் கணினிப் பாத்திர ஆட்டத்தை, 2000இல் வந்த ‘ஷேடோஸ் ஆஃப் ஆம்’ என்னும் இரண்டாம் பாகத்துக்கான வெறும் ஒத்திகையாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நான் அதை ஏற்கவில்லை. கதையும் ஆட்ட விதியும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் விதத்தில் முதல் பாகமே உயர்ந்தது என்பது என் வாதம்.

இரும்புத் தட்டுப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நாஷ்கெல் சுரங்கத்திலிருந்து வரும் இரும்பு கெட்டுப்போய்விட்டது என்று ஊரார் சொல்வதோடு அது நின்றுவிடுவதில்லை. நாம் காசு கொடுத்து வாங்கிய சாதாரண வாள் சண்டையின் நடுவே கையிலேயே உடைகிறது. ஊரின் துன்பம் நம் துன்பமாகிறது. முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி ஆறைத் தாண்டாது என்பதாலும், ஒரு நாளைக்கு ஓரிரு மந்திரங்களுக்கு மேல் அவரிடம் இருக்காது என்பதாலும், நாம் வளர்ந்த கேண்டில்கீப் கோட்டையின் மதிலுக்கு வெளியே வளர்ப்புத் தந்தை கோரியன் கொல்லப்பட்ட பிறகு நமக்கு ஏற்படும் அச்சம் வசனத்தால் வந்ததன்று, எண்களால் வந்தது. ‘ஃப்ரெண்ட்லி ஆர்ம்’ விடுதிப் படிக்கட்டில் காத்திருக்கும் கூலிக் கொலையாளி ஒரே ஒரு மந்திரவாதிதான். ஆனாலும் அவனிடம் மடியாமல் கடந்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள்.

நள்ளிரவு மந்திரவாதி:
அச்சம் இருந்தது உண்மை. அந்த அச்சத்தைப் பகிர்ந்துகொள்ள உடன் யார் இருந்தார்கள் என்பதே என் கேள்வி. முதல் பாகத்தில் நம் குழுவில் சேர்த்துக்கொள்ளக்கூடிய தோழர்கள் 25 பேர். அறிமுகப் பேச்சு முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோர் ஊமைகளாகிவிடுகிறார்கள். சொடுக்கினால் திரும்பத் திரும்ப அதே நான்கைந்து வாக்கியங்கள்தாம். இரண்டாம் பாகம் அந்த எண்ணிக்கையை 16 ஆகக் குறைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்க்கையைக் கொடுத்தது. கெல்டோர்ன் தன் வீட்டுக்குத் திரும்பும்போது, கடமைக்காக நெடுங்காலம் புறக்கணித்த மனைவி வேறொருவரிடம் ஆறுதல் தேடியிருப்பதை அறிகிறார். அவளைச் சட்டத்தின் கையில் ஒப்படைப்பதா, மன்னிப்பதா என்று அவர் தடுமாறும்போது நம் கருத்துக்கும் அங்கே எடை உண்டு. அனோமெனின் தங்கை கொலையுண்டபின் அவர் பழிவாங்கக் கிளம்புகிறாரா இல்லையா என்பதைப் பொறுத்து அவருடைய வீரப் பட்டமே கைகூடுகிறது அல்லது கைநழுவுகிறது.

விதியும் கதையும் இணைவது முதல் பாகத்துக்கு மட்டுமே உரியதும் அன்று. இரண்டாம் பாகம் நடக்கும் அத்காட்லா நகரத்தில் உரிமம் இல்லாமல் மந்திரம் போடக் கூடாது என்பது சட்டம். தெருவில் மந்திரம் போட்டால் முக்காடிட்ட மந்திரவாதிகள் தோன்றித் தாக்குகிறார்கள். அல்லது 5,000 பொற்காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். நம் தோழி இமோயெனை அவர்கள் பிடித்துக்கொண்டு போனதும் அதே சட்டத்தின்படிதான்.

பழைய வில்லாளி:
இமோயெனின் பெயரை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. உடன் வளர்ந்த பெண்ணைக் கண்ணெதிரே கடத்திக்கொண்டு போகிறார்கள்; அவளை அடைய வழி காட்டுவதற்கு வேறொருவர் 20,000 பொற்காசு கேட்கிறார். அதன்பிறகு நாம் என்ன செய்கிறோம்? கோட்டைகளை மீட்கிறோம், டிராகனோடு பொருதுகிறோம், சர்க்கஸ் கூடாரத்தின் மர்மத்தைக்கூடத் துலக்குகிறோம். எத்தனை மாதம் கடந்தாலும் இமோயென் அப்படியே காத்திருப்பாள். இதெல்லாம் நடக்கும் அந்தப் பாகத்தின் இரண்டாம் அத்தியாயம் அளவில் பெரியது, பொருளில் வளமானது. ஆனால் கதையின் அவசரத்தைத் தானே கொன்றுவிடுகிறது.

முதல் பாகத்தில் மின்ஸ்க் தன் தோழி டைனாஹைரை மீட்கச் சொல்லிச் சேர்கிறார். நாம் காலம் கடத்தினால் பொறுமையிழந்து குழுவை விட்டே போய்விடுகிறார். ஜஹைராவும் காலிதும் நாஷ்கெலுக்குப் போகாமல் சுற்றினால் முணுமுணுக்கிறார்கள், பிறகு விலகுகிறார்கள். நீங்கள் ஊமைகள் என்று சொன்னவர்கள் இவர்கள்தாம். (மின்ஸ்க் வளர்க்கும் ‘பூ’ என்னும் வெள்ளெலியைப் பற்றியாவது நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது என்று நம்புகிறேன்.)

ஆறாவது ஆள்:
தோழர்கள் விஷயத்தில் நான் மந்திரவாதி அவர்களின் பக்கம். ஆனால் இரண்டாம் பாகத்தின் சண்டைகளை யாரும் இங்கே தொடவில்லையே. எதிரி மந்திரவாதி ஒரு நொடியில் தன்மேல் ஏழெட்டுக் காப்புகளை அடுக்கிக்கொள்கிறான். எந்தக் காப்பை எந்த மந்திரம் கலைக்கும் என்று விளக்கங்களை முன்பே படித்திராதவர் செய்யக்கூடியது செத்து, சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவது மட்டுமே. முதல் பாகத்தில் இரண்டு வில்லும் எதிரிகளைத் தூங்கவைக்கும் ஒரு ‘ஸ்லீப்’ மந்திரமும் இருந்தால் புதிதாக வந்தவர்கூட நிலைமையைப் புரிந்துகொண்டு திட்டமிடலாம்.

நள்ளிரவு மந்திரவாதி:
முதல் பாகத்தின் பெரும்பாலான சண்டைகள் அந்த இரண்டு வில்லோடும் ஒரு ‘ஸ்லீப்’போடும் முடிந்துவிடுகின்றன என்பதுதான் என் குறை. லெவல் உயர்ந்ததும் ‘ஸ்லீப்’ பயனற்றுப் போகிறது, அம்பு மட்டும் மிஞ்சுகிறது.

இரண்டாம் பாகத்தில் நடப்பதைப் பாருங்கள். எதிரி ‘மிரர் இமேஜ்’ போட்டுப் பல உருவங்களாகத் தெரிகிறான். கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் மேம்பட்ட மந்திரமும் அவன்மேல் இருப்பதால் அவனை நேரடியாகக் குறிவைத்து மந்திரம் ஏவ முடியாது. ஆகவே முதலில் ‘ட்ரூ சைட்’ போட்டு மாயங்களைக் கலைக்க வேண்டும். அதன்பிறகே ‘ப்ரீச்’ போட்டு ‘ஸ்டோன்ஸ்கின்’ போன்ற உடற்காப்புகளை உரிக்க முடியும். மந்திர ஆயுதங்களைத் தடுக்கும் காப்பு இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: நாம் பரணில் தூக்கிப் போட்டுவிட்ட மந்திரமில்லாத சாதாரண வாள் அந்தக் காப்பைக் கடந்து செல்லும்; ஒவ்வோர் அடிக்கும் ‘ஸ்டோன்ஸ்கின்’னின் ஓர் அடுக்கு உதிரும். ஒன்றும் இயலாவிட்டால் அறையை விட்டு வெளியேறிச் சிறிது நேரம் கழித்து வரலாம், அந்தக் காப்பு தானே காலாவதியாகிவிடும். இடைவெளி விசையைத் தட்டி நிறுத்தி, குழுவின் ஆறு பேருக்கும் தனித்தனியாகக் கட்டளை கொடுத்து, மறுபடி ஓடவிட்டுப் பார்க்கும் இந்த முறைக்கு முழுப் பொருள் கிடைத்தது அங்கேதான். படித்தால்தான் புரியும் என்பதை நான் குறையாகக் கருதவில்லை. மந்திரவாதி படிக்காமல் வேறு யார் படிப்பார்கள்?

ஆறாவது ஆள்:
நடைமுறையில் கெல்டோர்னைச் சேர்த்துக்கொண்டால் போதும். அவர் பாலடின் எனப்படும் புனித வீரர்களில், மந்திரவாதிகளை எதிர்க்கும் இன்குவிசிட்டர் வகை. ‘ட்ரூ சைட்’டும் மந்திரக் கலைப்பும் அவருக்கு இயல்பாகவே உண்டு. நீங்கள் விவரித்த சதுரங்கத்தின் பெரும்பகுதியை அவர் ஒருவரே முடித்துவிடுவார்.

பழைய வில்லாளி:
முதல் பாகத்தை அம்புக்குள் அடக்கிவிட வேண்டாம். டர்லாக் கோபுரத்தை நினைவூட்டுகிறேன். டர்லாக் என்ற குள்ளரின் குடும்பத்தையும் நண்பர்களையும் உருமாறிகள் கொன்று, அவர்கள் உருவிலேயே அவரைச் சூழ்ந்துகொண்டன. அன்புக்குரியவர்களின் முகம் கொண்ட அவற்றைத் தன் கையாலேயே கொல்ல நேர்ந்த அவர், அதன்பின் யாரையும் நம்ப முடியாதவராகி, தன் வீடு முழுவதையும் பொறிகளால் நிரப்பினார். அங்கே ஒவ்வோர் அடிக்கும் திருடனை முன்னே அனுப்பித் தரையைச் சோதிக்கிறோமே, அது டர்லாக்கின் சந்தேகத்தை நாமே சுமந்து நடப்பதாகும். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் வரும் வில்லன் ஐரெனிகஸின் நிலவறையைத் தாண்டிக் குதிப்பதற்கென்றே ரசிகர்கள் ‘மாட்’ (ஆட்டத்தை மாற்றும் கூடுதல் நிரல்) செய்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நள்ளிரவு மந்திரவாதி:
அந்த நிலவறையைப் பலமுறை கடந்து சலித்தவர்கள் செய்த மாட் அது. அத்தனை முறை அவர்களைத் திரும்ப வரவழைத்தது எந்தப் பாகம் என்றும் பார்க்க வேண்டும். மேலும் டர்லாக் கோபுரம் 1999இல் ‘டேல்ஸ் ஆஃப் தி சோர்ட் கோஸ்ட்’ என்னும் தனி விரிவாக்கத்தில் வந்தது. மூல ஆட்டத்தில் 89,000 ஆக இருந்த அனுபவப் புள்ளி உச்சவரம்பை 1,61,000 ஆக உயர்த்தி, பொறிகளையும் புதிர்களையும் அடர்த்தியாக வைத்து, ஆட்டத்தை உருவாக்கிய பயோவேர் நிறுவனம் இரண்டாம் பாகத்தின் திசையில் நடக்கத் தொடங்கிய இடம் அது. அதை என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

பழைய வில்லாளி:
எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கோபுரம் முதல் பாகத்தின் மேப்பிலேயே நிற்கிறது. கதையை முடிக்காமலே, மூன்றாம் லெவலிலேயே, நம் அறியாமையோடு அதன் வாசலுக்குப் போய் நிற்க முடிகிறது. எச்சரிக்கை செய்யவும் ஆள் கிடையாது, தடுக்கவும் ஆள் கிடையாது. அந்தச் சுதந்திரத்தை அத்காட்லாவின் எந்தத் தெருவில் வைத்திருக்கிறார்கள்?

நள்ளிரவு மந்திரவாதி:
அத்காட்லாவிலேயே சமாதி போன்ற ஒரு வீட்டில் காங்காக்ஸ் என்னும், இறந்தும் அழியாத கொடிய மந்திரவாதி இருக்கிறான். இரண்டாம் அத்தியாயத்திலேயே, கையில் ஒன்றுமில்லாமல், நேராக அங்கே போகலாம். போய்விட்டு வந்து எழுதுங்கள்.