புதுப்பிப்பு: மாத வாரி விற்பனை வரிசைகளை நெடுவரிசைகளாக்குவது – தீர்ந்தது

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. கேட்டது இதுதான்: மைஎஸ்க்யூஎல் (MySQL) தரவுத்தளத்தில் கிளை, மாதம் என்று குரூப் செய்தால் கிளைக்கு 12 வரிசை வருகிறது, அதைக் கிளைக்கு ஒரே வரிசை, மாதத்துக்கு ஒரு நெடுவரிசை என்று ஆக்க வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்லில் பிவட் (PIVOT, வரிசைகளை நெடுவரிசைகளாகத் திருப்பும் கட்டளை) கிடையாது. கூட்டித் தரும் சம்முக்குள் (SUM) நிபந்தனை பார்க்கும் கேஸை (CASE) வைக்கும் யோசனைதான் பலித்தது:

சம்(கேஸ் வென் மாதம் = 1 தென் தொகை எல்ஸ் 0 எண்ட்)

இப்படி மாதத்துக்கு ஒன்றாக 12 வரி. குரூப் பை (GROUP BY) பகுதியில் கிளை மட்டும் இருக்கட்டும். மாதமும் அதில் இருந்தால் மறுபடி 12 வரிசைதான். வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் ஆண்டைக் கட்டாயம் கொடுங்கள், இல்லையேல் எல்லா ஜனவரியும் ஒன்றாகக் கூடிவிடும்.

எதிர்பாராதது: பில் எண்ணிக்கைக்காக சம்மைக் கவுண்ட் (COUNT, எண்ணித் தருவது) ஆக்கியதும் எல்லா மாதத்திலும் ஒரே எண். கவுண்ட், நல் (NULL) எனும் வெற்று மதிப்பை மட்டுமே விட்டுவிடும், 0-வையும் எண்ணும். எல்ஸ் 0-வை நீக்கியதும் மற்ற மாத பில்களுக்கு 0-க்குப் பதில் நல் வந்து, சரியானது.