கட்டம் போட்ட புடவையில் வானவில் நிறம் ஏன் விழுகிறது?

கேள்வி:
ஒரு ஜவுளிக்கடையின் இணையதளத்துக்காகப் புடவைகளைப் படம் எடுக்கிறேன். கேமரா 24 மெகாபிக்சல். பொடிக்கட்டம் போட்ட பருத்திப் புடவைகளில் மட்டும் பச்சையும் ஊதாவுமாக அலை அலையாக நிறம் தெரிகிறது. நேரில் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. கடைக்காரர், "இது நம் புடவையே இல்லை" என்கிறார். லென்ஸில் கோளாறா?

முதல் பதில்:
முதலில் படத்தை 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள். அப்போது அலை மறைந்துவிட்டால், அது திரையில் படம் சுருங்கும்போது வந்தது. மறையாவிட்டால் கேமராவைச் சற்று முன்னே நகர்த்துங்கள், அல்லது கோணத்தை மாற்றுங்கள்.

இரண்டாம் பதில்:
லென்ஸ் மேல் குற்றமில்லை. கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சில்லான சென்சாருக்கு நிறமே தெரியாது. வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் தெரியும். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் அதற்கு ஒரு வழி கண்டார். 1975இல் விண்ணப்பித்து 1976இல் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரே ஒரு நிற வடிகட்டி: நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். உங்கள் 24 மெகாபிக்சலில் 12 பச்சை, 6 சிவப்பு, 6 நீலம். ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட மற்ற இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கேமரா கணக்கிட்டு நிரப்புகிறது. ஆக, படத்தில் உள்ள நிற மதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு கணக்கில் வந்தவை!

பச்சைக்கு இரட்டைப் பங்கு கொடுத்ததைத்தான் நான் பெரிதும் மெச்சுகிறேன். நம் கண் நுணுக்கத்தைப் பெரும்பாலும் ஒளிர்வை வைத்தே பிரித்தறிகிறது. ஒளிர்வில் பச்சையின் பங்கே அதிகம். கண்ணைப் புரிந்துகொண்டு செய்த வேலை அது. ஐம்பது ஆண்டு ஆகியும் பெரும்பாலான கேமராக்களிலும் கைபேசிகளிலும் அதே அமைப்புதான் இருக்கிறது.

அந்தக் கணக்கு சறுக்கும் இடம்தான் உங்கள் புடவை. சென்சாரில் விழும் நூல்களின் இடைவெளி பிக்சல்களின் இடைவெளியை நெருங்கும்போது, வெள்ளை நூல் சிவப்புப் பிக்சலிலும் அடுத்த கறுப்பு நூல் நீலப் பிக்சலிலும் விழுந்துவிடும். கேமரா அந்த வெளுப்பையும் கறுப்பையும் நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. முன்பெல்லாம் சென்சாருக்கு முன்னால் ஒரு படிகத் தகடு வைத்து ஒளியைச் சற்றுக் கலைத்துவிடுவார்கள். கூர்மை வேண்டும் என்று இப்போது பல கேமராக்களில் அதை எடுத்துவிட்டார்கள். துணி எடுப்பவர்களுக்கு அது நஷ்டம் என்பதே என் கருத்து.

கேட்டவர்:
நன்றி. தகட்டை நான் திரும்ப வைக்க முடியாதே, என்ன செய்வது?

இரண்டாம் பதில் எழுதியவர்:
லென்ஸ் துளையை எஃப்/16 வரை குறையுங்கள். ஒளி விளிம்பில் வளைந்து தகடு செய்த வேலையை ஓரளவு செய்துவிடும். ரா கோப்பாக எடுங்கள். அதில் நிறம் நிரப்புவதற்கு முந்தைய அளவுகள் அப்படியே இருப்பதால் வேறு மென்பொருளில் மறுபடி கணக்கிடலாம். சில கேமராக்களில் சென்சாரை ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி நான்கு படம் எடுக்கும் வசதி உண்டு. அப்போது எல்லாப் புள்ளியிலும் மூன்று நிறமும் நேரடியாகவே பதிவாகிவிடும், ஊகத்துக்கு இடமில்லை. உங்கள் கேமராவில் இருந்தால் முக்காலியில் நிறுத்தி அதையே பயன்படுத்துங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், முந்தானை இம்மி அசைந்தாலும் நான்கு படமும் பொருந்தாது.