சிறுசேரி ஆஃபர்: வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவேன்?

கோவை_ஜாவா:

வணக்கம் நண்பர்களே. பீளமேட்டில் நாற்பது பேர் இருக்கும் ஒரு சின்ன கம்பெனியில் ஆறு வருடமாக டெவலப்பராக இருக்கிறேன். சம்பளம் சுமார்தான், ஆனால் ஆறரைக்கு லேப்டாப்பை மூடினால் மூடியதுதான், ஏழு மணிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை நடந்துவிட்டு வருவேன். இப்போது சென்னைப் பக்கம் சிறுசேரி சிப்காட்டில் இருக்கும் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. வாங்குவதைவிட 45 சதவீதம் அதிகம். மனைவிக்கு இது ஏழாம் மாதம், இரண்டாவது குழந்தை.

ரிவ்யூக்களைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒருத்தர் “கவர்மென்ட் வேலை மாதிரி, நிம்மதி” என்று ஐந்து ஸ்டார் போட்டிருக்கிறார். அதற்கு நேர் கீழே, அதே கேம்பஸ், அதே மாதம், “என் பையன் என்னை ஞாயிற்றுக்கிழமை மாமா என்கிறான்” என்று ஒரு ஸ்டார். இரண்டு பேரும் ஒரே கேன்டீனில்தான் சாப்பிடுகிறார்கள், யாரை நம்புவது? எச்ஆரிடம் கேட்டால் ஒன்பது மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்று பாடம் ஒப்பிக்கிறார். வாரத்துக்கு இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 70 மணி நேரம் என்றதும் எல் அண்ட் டி தலைவர் 90 என்றதும் பேப்பரில் படித்து நாமெல்லாம் திட்டி முடித்த விஷயம், அதை விடுங்கள். உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள், வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?

ஓஎம்ஆர்_பழசு:

இரண்டு ரிவ்யூவும் நிஜம்தான் தம்பி. இந்த ஓஎம்ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், எனக்குப் பதினெட்டு வருடம், மூன்று கம்பெனி, ஒன்பது ப்ராஜெக்ட். ஒரே ஐடி கார்டை மாட்டிக்கொண்டு நான்காவது மாடியில் சாயங்காலம் ஐந்தரைக்கு கேரம் ஆடியிருக்கிறேன், ஏழாவது மாடிக்கு மாற்றிய பிறகு நள்ளிரவு கேபில் வாயைப் பிளந்து தூங்கி, வீடு தாண்டிப் போய் டிரைவர் எழுப்பியும் இருக்கிறார். அதனால் கம்பெனி பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், கிளையன்ட், அதாவது நமக்கு வேலை கொடுக்கும் கம்பெனி, எந்த ஊர் என்று கேளுங்கள்.

சிட்னி என்றால் அவர்களுடைய காலை ஒன்பது நமக்கு விடிகாலை நாலரை, அங்கே கோடை வந்தால் மூன்றரை. இருட்டோடு எழுந்து போகவேண்டும், ஆனால் மதியம் இரண்டுக்கெல்லாம் ஆள் வெளியே, பிள்ளையை ஸ்கூலிலிருந்து நீங்களே கூட்டிவரலாம். லண்டன் என்றால் அவர்கள் ஒன்பது மணிக்கு வந்து உட்காரும்போது நமக்கு மதியம் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. நியூயார்க் ஒன்பது மணி நமக்கு மாலை ஆறரை. கலிஃபோர்னியா ஒன்பது மணி நமக்கு இரவு ஒன்பதரை, அது மாட்டினால் பிள்ளையார் கோயிலை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று யாரும் சொல்லமாட்டார்கள். நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள், நம் ஊரில் ஒரு கடிகாரமும் அசையாது, ஆனால் திங்கட்கிழமையிலிருந்து ஆறரை மீட்டிங் ஏழரைக்குப் போய்விடும், வீட்டில் ராத்திரிச் சாப்பாடும் கூடவே தள்ளிப்போகும். மார்ச் இரண்டாம் ஞாயிறு வரைக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டு தினசரிக் காலண்டரில் அமாவாசை, கிருத்திகையோடு சேர்த்து அந்த இரண்டு ஞாயிறையும் என் மனைவி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

பிரிட்ஜ்கால்_பாவி:

அண்ணன் சொன்னது டெவலப்மென்ட் ஆட்களுக்கு. ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சப்போர்ட்டில் தள்ளினார்கள் என்றால் கிளையன்டுக்கு சீசன் எப்போது என்றும் கேட்கவேண்டும். துணிக்கடைக்காரன் தீபாவளிக்கு லீவு தருவானா? அதே கதைதான், கடை மட்டும் வேறு நாட்டில் இருக்கிறது. அமெரிக்க ரீடெய்ல் என்றால் நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃப்ரைடே, பேங்க் என்றால் வருடக் கடைசி.

நான் நான்கு வருடம் இருந்தது அமெரிக்க ஹெல்த் இன்சூரன்ஸில். அங்கே வயதானவர்களுக்கான மெடிகேரில் திட்டம் மாற்றிக்கொள்ளும் காலம் வருடா வருடம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. நம் காலண்டரை எடுத்துப் பாருங்கள், தீபாவளி அதற்குள்தான் வந்து விழும். நான்கு தீபாவளியில் ஒன்றுக்குத்தான் ஊருக்குப் போனேன், அதுவும் லேப்டாப்போடு. விடிகாலை நாலரை, அம்மா மணையில் உட்காரவைத்து உச்சியில் எண்ணெய் வைக்கிறார், போன் அடிக்கிறது, தானாக ஓடி முடியவேண்டிய பேட்ச் ஜாப் ஃபெயில், பி1 டிக்கெட், அதாவது உடனே பார்க்கவேண்டிய புகார். ஒரு காதில் ஹெட்செட், ஸ்கிரீனைக் காட்டு என்கிறார்கள், எண்ணெய்க் கையில் டச்பேட் வழுக்குகிறதே தவிர அம்பு நகரமாட்டேன் என்கிறது. தம்பி அடுத்த வீட்டுக்கு ஓடி மவுஸ் வாங்கி வந்தான். அதற்குள் எதிர்வீட்டில் முதல் சரம் வெடித்தது, நான் மியூட் போடவில்லை, அந்தப் பக்கம் ஒரு அம்மா பதறிப்போய் துப்பாக்கிச் சத்தமா, பத்திரமாக இருக்கிறாயா என்று கேட்டார். நல்ல மனுஷி. டிக்கெட்டை மூட ஒன்பதரை ஆகிவிட்டது, தலையில் எண்ணெய் காய்ந்தேபோனது.

அதற்கு ஈடாக ஒரு நாள் லீவு, காம்ப் ஆஃப் என்று கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் எடுக்கவேண்டுமாம். எடுக்க விட்டால்தானே?

ஆக, ஆன்கால் ரோஸ்டரில், அதாவது இப்படி அகாலத்தில் போன் எடுக்கும் முறைப் பட்டியலில், எத்தனை பேர் என்று கேளுங்கள். ஐந்து ஆறு பேர் இருந்தால் ஐந்தாறு வாரத்துக்கு ஒரு முறை போன் உங்கள் தலையணைக்கடியில் இருக்கும், சமாளிக்கலாம். இரண்டு பேர் என்றால் ஓடிவிடுங்கள்.

தரமணி_டெஸ்டர்:

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இரண்டு பிரசவமும் பெரிய கம்பெனியில் இருந்தபோதுதான், 26 வாரம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அது கம்பெனியின் பெருந்தன்மை ஒன்றும் இல்லை, 2017-ல் திருத்திய சட்டம், ஆனால் சின்ன கம்பெனியில் இருந்த என் அக்காவுக்கு அதே சட்டத்தைப் படித்துக் காட்டவேண்டியிருந்தது. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பகம் வைக்கவேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்க்கலாம். எங்கள் கேம்பஸில் காப்பகம் மூன்றாவது பிளாக்கில், நான் ஒன்பதாவது பிளாக்கில். போய்வர பதினெட்டு நிமிடம். நான்கு தடவைக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

சங்கடம் திரும்பி வந்த பிறகுதான். பழைய ப்ராஜெக்டில் என் இடத்தில் வேறு ஆள், நான் ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில், அந்த வருட ரேட்டிங் ஒரு படி கீழே. ஆறு மாதம் வேலை செய்யாதவளை மற்றவர்களோடு எப்படி ஒப்பிடுவது என்று மேனேஜர் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை, ஆனால் அதைக் கண்டுபிடிக்கவேண்டியது நானா?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாக்களுக்குத் தனியார் கம்பெனியில் லீவு தரவேண்டும் என்று சட்டம் கிடையாது, அவர்கள் பாலிசியில் எத்தனை நாளோ அத்தனை நாள். புதிதாகச் சேர்ந்தவருக்கும் அது உண்டா, சேர்ந்த அன்றே மனைவியின் பிரசவத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா, இரண்டையும் ஈமெயிலில் கேட்டு வாங்குங்கள். போனில் சொல்வது காற்றோடு போய்விடும்.

டெலிவரி_பக்கம்:

எட்டு வருடம் டெலிவரி மேனேஜராக இருந்தவன், திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள். ராத்திரி வேலை எங்கே பிறக்கிறது என்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முக்கால்வாசி, ஒப்பந்தம் போடும் அறையிலேயே பிறந்துவிடுகிறது.

ஒரு ப்ராஜெக்டுக்கு என் டீம் லீட் உட்கார்ந்து மாட்யூல் மாட்யூலாகக் கணக்குப் போட்டு 14 பேர், எட்டு மாதம் என்றார். சரியான கணக்கு. சேல்ஸ் ஆட்கள் போட்டிக் கம்பெனி விலையைப் பார்த்துவிட்டு 11 பேர் என்று மாற்றினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். அந்த மூன்று பேர் வேலை எங்கே போகும்? மிச்சம் இருக்கிற 11 பேருடைய ராத்திரிக்குப் போனது. டைம்ஷீட்டில் மட்டும் எல்லோருக்கும் எட்டு மணி நேரம், அதற்கு மேல் எழுதினால் சிஸ்டத்தில் அப்ரூவ் ஆகாது. காகிதத்தில் பார்த்தால் எங்களைப்போல ஒழுங்கான டீம் ஊரில் இல்லை.

இது ஃபிக்ஸட் பிரைஸ் ப்ராஜெக்டில் நடக்கும், மொத்த வேலைக்கு ஒரு தொகை, நேரம் கூடினால் நஷ்டம் கம்பெனிக்கு, அதாவது உங்களுக்கு. டைம் அண்ட் மெட்டீரியல் என்றால் கிளையன்ட் மணிக் கணக்கில் பணம் கட்டுகிறார், கூடுதல் நேரம் உட்கார அவர் சம்மதம் வேண்டும், அதனால் அநேகமாக ஏழு மணிக்கு உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதை இன்டர்வியூவில் கேட்டால் விஷயம் தெரிந்த ஆள் என்றும் நினைப்பார்கள்.

அந்த டீம் லீட் ஆறாவது மாதம் பேப்பர் போட்டார். 90 நாள் நோட்டீஸ், ஒரு நாள்கூடக் குறைக்கக்கூடாது என்று மேலிருந்து உத்தரவு. கடைசி நாள் என் டெஸ்க்குக்கு வந்து பழைய எஸ்டிமேட் ஷீட்டை பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

சும்மா_ஒருத்தன்:

சட்டம் சட்டம் என்கிறீர்கள். அப்போதிருந்த தொழில் தகராறு சட்டம் ஐடிக்கும் உண்டு, சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே சொல்லிவிட்டது. உங்கள் ஃப்ளோரில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? ஹவுசிங் லோன் இருக்கிறவன் எவனும் முதலில் கை தூக்கமாட்டான், என்னையும் சேர்த்துத்தான்.

கோவை ப்ரோ, 45 சதவீதத்தை நாவலூர் வாடகையும் கேட்டட் கம்யூனிட்டி மெயின்டனன்ஸும் பாதி தின்றுவிடும். வாடகை குறைவு என்று தாம்பரம் பக்கம் போனால் மேடவாக்கத்திலும் சோழிங்கநல்லூர் சிக்னலிலும் வாழ்க்கை போகும், ஓஎம்ஆர் நெடுக மெட்ரோவுக்குத் தோண்டிய வருடங்களில் என் பைக் கிளட்ச் இரண்டு தடவை மாற்றினேன். வேலை நேரத்தில் பயணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கோவை_ஜாவா:

எல்லோருக்கும் நன்றி, பதில் எழுத நான்கு நாள் ஆகிவிட்டது. நீங்கள் சொன்ன கேள்விகளை எழுதி எச்ஆருக்கு அனுப்பினேன். இன்சூரன்ஸ் முதல் நாளிலிருந்தே உண்டு, அப்பாவுக்கு ஐந்து நாள் லீவு, இரண்டையும் ஈமெயிலிலேயே சொல்லிவிட்டார்கள், அது நிம்மதி. ப்ராஜெக்ட் எது என்பது மட்டும் சேர்ந்த பிறகுதான் முடிவாகுமாம். விடாமல் கேட்டேன், கடைசியில் மேனேஜர் ஒருத்தர் நேரடியாகப் பேசுவார் என்றார்கள்.

பேசினார். தன்மையான மனிதர், ஒன்றையும் மறைக்கவில்லை. லண்டன் கிளையன்ட், டைம் அண்ட் மெட்டீரியல், ஆன்கால் ரோஸ்டரில் ஐந்து பேர். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் போன் செய்தபோது ராத்திரி 9.40, பின்னால் ஆபீஸ் லிஃப்ட் கதவுச் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், மனைவி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஓஎம்ஆர்_பழசு:

இது ஜூலை மாதம், அப்போது லண்டனில் மணி 5.10. அவர் சீக்கிரம்தான் கிளம்பியிருக்கிறார். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு அப்புறம் அதே போன் 10.40-க்கு வரும். கோயம்புத்தூரிலும் அவர்களுக்கு ஆபீஸ் இருக்கிறதா என்று கேட்டீர்களா? லண்டன் ப்ராஜெக்டுக்குக் காலையில் மூன்று நான்கு மணி நேரம் உங்கள் கையில் இருக்கும், வீடு பக்கத்தில் இருந்தால்தான் அது உங்களுக்கு உதவும்.

கோவை_ஜாவா:

இருக்கிறது, சரவணம்பட்டியில். நாளைக்குக் கேட்கிறேன் அண்ணா. சேரும் தேதியைப் பிரசவத்துக்கு அப்புறம் தள்ளிவைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறேன், அதற்கு இன்னும் பதில் இல்லை.