நேபாளத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுடன் ஒரு மாதத் தன்னார்வப் பணி: முகமை வழியாகச் செல்லலாமா?

கேள்வி: கோவை ஆசிரியை

வணக்கம். சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்து, அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பள்ளியொன்றில் பணிபுரிகிறேன். மே மாத விடுமுறையில் நேபாளத்தில் தன்னார்வப் பணி செய்ய விரும்பி ஒரு முகமையிடம் விசாரித்தேன். லலித்பூரில் ஒரு குடும்பத்தோடு தங்கலாம், இரு வேளை உணவு உண்டு, பகலில் ஆதரவற்ற ஊனமுற்ற குழந்தைகள் இல்லமொன்றில் வேலை என்கிறார்கள். கணிசமான தொகையை முன்பணமாகக் கேட்கிறார்கள்; எந்த இல்லம் என்பதை அங்கு போன பிறகுதான் சொல்வார்களாம். என் படிப்பைப் பற்றியோ அனுபவத்தைப் பற்றியோ ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது உறுத்துகிறது. ஒரு மாதத்தில் அக்குழந்தைகளுக்கு என்னால் பயன் உண்டா? முன்பின் அறியாதவர் வீட்டில் தங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1: இயன்முறை மருத்துவர், மதுரை

உங்கள் உறுத்தல் நியாயமானது. உங்களைப் பற்றி விசாரிக்காதவர்கள், உங்களுக்கு முன் சென்றவர்களைப் பற்றியும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

நேபாளத்து இல்லங்களில் வளரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். நல்ல படிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மலைக் கிராமங்களிலிருந்து அனுப்பி வைக்கப்பட்டவர்கள் பலர். வெளிநாட்டார் கட்டும் பணத்தை நம்பியே சில இல்லங்கள் நடக்கின்றன என்பதால், முகமை சொல்லும் இல்லத்தைத் தவிர்த்து, குழந்தைகள் காலையில் வந்து மாலையில் பெற்றோரிடம் திரும்பும் பகல்நேர மையம் ஒன்றுக்கு நீங்களே நேரடியாக எழுதுவதே நல்லது. அங்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறைபாட்டின் கடுமைக்கேற்பச் சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என நான்கு நிறங்களில் அடையாள அட்டை உண்டு. அதைப் பெறுவதற்கு மையத்தார் பெற்றோருக்கு உதவுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

பயனைப் பொறுத்தவரை, குழந்தையை நேரடியாகக் கையாளும் வேலையை ஆவலோடு கேட்டு வாங்க வேண்டாம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு ஊட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல் தாங்கி, ஒரு வாய் முழுவதும் விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். படுத்த நிலையிலோ அவசரத்திலோ ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்று நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். எந்தக் குழந்தைக்குக் கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பது அன்றாடம் ஊட்டும் அக்காவுக்குத்தான் தெரியும். நீங்கள் ஆசிரியை என்பதால், அங்குள்ள ஆசிரியர்களுடன் அமர்ந்து பட அட்டைகள், அன்றாட நிகழ்ச்சிப் படவரிசை போன்றவற்றை அவர்கள் மொழியில் உருவாக்கலாம். நீங்கள் திரும்பிய பின்னும் அவர்கள் அவற்றைப் பயன்படுத்துவார்கள்.

பதில் 2: வாசகர், கோலாலம்பூர்

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாக. இந்தியர்களுக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை. விமானத்தில் செல்வோர் கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ வைத்திருந்தால் போதும். எங்களைப் போன்ற பிற நாட்டவர் சுற்றுலா விசாவில் சென்று சம்பளமில்லாத வேலைகூடச் செய்யக் கூடாது என்பது அந்நாட்டு விதி. முகமைகள் இதைச் சொல்வதேயில்லை. காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழை வாங்கி, மையத்தார் கேட்காவிட்டாலும் நீங்களே கொடுத்துவிடுங்கள்.

பதில் 3: காத்மாண்டில் சில காலம் வசித்தவர்

தங்கும் வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். சோறும் பருப்பும் காய்கறியுமாகக் காலை ஒன்பது, பத்து மணிக்கே முழுச் சாப்பாடு ஆகிவிடும். மதியம் சிற்றுண்டி மட்டுமே, அடுத்த சோறு இரவில்தான். நான் இருந்த காலத்தில் விடுமுறை சனிக்கிழமை, ஞாயிறு வேலை நாள். எச்சில் பார்ப்பது நம் வீடுகளைப் போலவே உண்டு, ஆகவே தட்டில் இருக்கும் கரண்டியைப் பொதுப் பாத்திரத்தில் விடாதீர்கள். சில குடும்பங்களில் மாதவிலக்கு நாட்களில் சமையலறைக்கும் பூஜை அறைக்கும் செல்லக் கூடாது என்பார்கள். அது உங்களுக்கு ஒவ்வாது என்றால் அறையை ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. தண்ணீரைப் பல வீடுகளில் லாரிக்காரரிடம் விலைக்கு வாங்குகிறார்கள் என்பதால், குளிப்பதிலும் துவைப்பதிலும் சிக்கனம் தேவை.

முகமைக்குக் கட்டும் தொகையில் குடும்பத்துக்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். மையத்தின் மூலமே வீடு பார்த்து, வாடகையை வீட்டுக்கார அம்மாவின் கையிலேயே கொடுப்பதுதான் என் விருப்பம்.

இன்னொன்றும் உண்டு. இரவு உணவின்போது, இன்று என்ன நடந்தது என்று அன்போடு கேட்பார்கள். எந்தக் குழந்தைக்கு வலிப்பு வந்தது, யாருடைய தகப்பன் விட்டுவிட்டுப் போனான் என்பதையெல்லாம் அங்கே பேசாதீர்கள். அந்தக் குழந்தையின் தாயும் உங்கள் வீட்டுக்கார அம்மாவும் ஒரே கடையில் காய் வாங்குபவர்களாக இருக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்: கோவை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. முகமையிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பகல்நேர மையங்களுக்கு எழுதும் கடிதத்தில் என் பணிச் சான்றுகளையும் இணைக்கப்போகிறேன். நேபாளி தெரியாது, இந்தி ஓரளவு பேசுவேன். குழந்தைகளிடம் அது போதுமா?

பதில் 3: காத்மாண்டில் சில காலம் வசித்தவர்

ஆசிரியர்களிடம் இந்தி போதும். குழந்தைகளிடம் போதாது, வா, உட்கார், வலிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா போன்றவற்றையேனும் நேபாளியில் கற்றுக்கொண்டு செல்லுங்கள்.