ஷீட் நிறைய உள்ள எக்செல் ஃபைலில் நீங்கள் எப்படிப் போய்வருகிறீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன். ஒரு கிளையன்ட்டுக்கு ஒரு ஃபைல். அதற்குள் ஏப்ரல் முதல் மார்ச் வரை மாதத்துக்கு ஒரு பர்ச்சேஸ் ரிஜிஸ்டர், மாதத்துக்கு ஒரு ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் பட்டியல்), அப்புறம் டெபிட் நோட், பேங்க், டிடிஎஸ், வருடாந்திர ரிட்டர்னுக்கான ஒர்க்கிங் என்று நீண்டுகொண்டே போகும். திறந்தால் கீழே பாதி ஷீட்கூடக் கண்ணில் படாது. இடது மூலையில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தட்டித் தட்டியே மாலை வரை ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது, அதே அம்புக்குறியின் மேல் ரைட் கிளிக் செய்வதைத்தான். எல்லா ஷீட்டின் பெயரும் ஒரே பட்டியலாக வரும். வேண்டியதை டபுள் கிளிக் செய்தால் போதும். பக்கத்து ஷீட் என்றால் கன்ட்ரோலோடு பேஜ் டவுன், முந்தையது என்றால் பேஜ் அப். மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் வியூ மெனுவில் நேவிகேஷன் என்று ஒன்று உண்டு. பெயரைத் தட்டித் தேடலாம்.

ஆனால் என் வேலையில் உண்மையாகக் கைகொடுப்பது கன்ட்ரோலும் இடது சதுர அடைப்புக்குறியும்தான். வருடாந்திர ஒர்க்கிங்கில் ஒரு தொகை உதைக்கிறது, அது அக்டோபர் ரிஜிஸ்டரின் ஏதோ ஒரு வரியிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த செல்லில் நின்று இந்த இரண்டையும் அழுத்தினால் நேராக அக்டோபர் ஷீட்டில் அதே வரியில் போய் நிற்கும். பார்த்து முடித்ததும் எஃப்5, என்டர். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம். எந்த ஷீட்டிலிருந்து வந்தோம் என்று மனதில் வைத்திருக்க வேண்டியதில்லை. பல வருடம் எக்செல்லில் ஊறியவர்கள்கூட இதைக் காட்டினால் ஆச்சரியப்படுகிறார்கள்.

முதல் ஷீட்டாக ஒரு இன்டெக்ஸ் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் கன்ட்ரோல் கே போட்டு லிங்க் கொடுப்பது பலரும் செய்வதுதான். யாராவது ஷீட்டின் பெயரை மாற்றினால் அந்த லிங்க் செத்துவிடும். அதனால் நான் ஷீட்டின் பெயருக்கு லிங்க் கொடுப்பதில்லை. அந்த ஷீட்டின் முதல் செல்லுக்கு ஃபார்முலா பாருக்கு இடப்பக்கம் உள்ள நேம் பாக்ஸில் ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு லிங்க் கொடுக்கிறேன். ஷீட்டுக்கு என்ன பெயர் வைத்தாலும் லிங்க் பிழைக்கும். அந்தப் பெயரையே நேம் பாக்ஸில் தட்டி என்டர் கொடுத்தாலும் அங்கே போய்விடலாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மாதத்தின் மூன்று ஆங்கில எழுத்தும் வருடத்தின் இரண்டு இலக்கமும் சேர்த்துப் பெயர் வைக்கத்தான் யாருக்கும் தோன்றும். எக்செல் 2007 முதல் ஒரு ஷீட்டில் 16,384 பத்திகள். பத்தியின் பெயரே மூன்று எழுத்து வரை போகிறது. அதனால் அப்படித் தட்டினால் அதை செல் முகவரி என்று எடுத்துக்கொண்டு, வலது பக்கம் எங்கேயோ வெறுங்காட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். நடுவில் ஒரு அடிக்கோடு போட்டுவிட்டால் சரி.

உங்கள் வழி என்ன? சொல்லுங்கள், எங்கள் ஆபீஸ் பிள்ளைகளுக்கும் காட்டுகிறேன்.

* * *

நான் பள்ளி ஆசிரியை. மதிப்பெண் பட்டியல் முழுக்க கூகுள் ஷீட்ஸில்தான், ஒரு செக்‌ஷனுக்கு ஒரு ஷீட். வகுப்பாசிரியர்களில் பலர் ஃபோனில் திறக்கிறார்கள்; சின்னத் திரையில் தன் வகுப்பைத் தேடிப்பிடிப்பதற்குள் அடுத்த பீரியட் மணி அடித்துவிடும். இப்போது நான் அந்தந்த ஷீட்டில் நின்று, பிரவுசரில் மேலே இருக்கும் முகவரியை முழுவதும் காப்பி செய்து அவரவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனி எண் அந்த முகவரியின் கடைசியில் இருக்கும். ஷீட்டின் பெயரை மாற்றினாலும் எண் மாறாது. ஒன்பதாம் வகுப்பு 'சி'யின் டீச்சர் தட்டினால் அவர் வகுப்பே நேராகத் திறக்கும்.

கம்ப்யூட்டரில் என்றால் ஆல்ட், ஷிஃப்ட், கே அழுத்தினால் பட்டியல் வரும். அடுத்த ஷீட்டுக்கு கன்ட்ரோல், ஷிஃப்ட், பேஜ் டவுன்.

* * *

திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர். ஸ்டைலுக்கு ஒரு காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு) ஷீட். இரண்டு ஸ்டைலை ஒப்பிட வேண்டும் என்றால் மாறி மாறிப் போய்வருவதை நான் விட்டுவிட்டேன். வியூ மெனுவில் நியூ விண்டோ கொடுத்தால் அதே ஃபைல் இரண்டு ஜன்னலாகத் திறக்கும். ஒன்றில் பழைய ஸ்டைல், இன்னொன்றில் புதியது, பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் மாறும், ஃபைல் ஒன்றுதானே. நூல் விலை மாறும் நாட்களில் இது இல்லாமல் என்னால் வேலை பார்க்க முடியாது.

பையரின் ஆர்டர் நம்பர் எந்த ஷீட்டில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் கன்ட்ரோல் எஃப், அதில் ஆப்ஷன்ஸ் திறந்து 'வித்தின்' என்ற இடத்தில் ஷீட் என்பதை ஒர்க்புக் என்று மாற்றுங்கள். ஃபைண்ட் ஆல் கொடுத்தால் மொத்த ஃபைலிலும் தேடிப் பட்டியல் கொடுக்கும்.

* * *

டீச்சர், அந்த முகவரி யோசனை அருமை. ஆனால் நீங்கள் கடைசியாகச் சொன்ன கீ பற்றி எல்லோரும் கொஞ்சம் கவனியுங்கள். கூகுளில் அடுத்த ஷீட்டுக்குப் போகும் அதே கன்ட்ரோல், ஷிஃப்ட், பேஜ் டவுன், எக்செல்லில் இரண்டு ஷீட்டையும் சேர்த்து செலக்ட் செய்துவிடும். அதற்குப் பிறகு ஒன்றில் தட்டுவது மற்றதிலும் அதே செல்லில் விழும். அங்கே ஏற்கெனவே இருந்ததை அழித்துவிட்டுத்தான் விழும்.

ஒரு கிளையன்ட்டின் அக்கவுன்டன்ட் வீட்டில் கூகுளில் பழகியவர். ஆகஸ்ட் லாரி வாடகையைப் போடும்போது ஜூலையும் சேர்ந்து செலக்ட் ஆகியிருக்கிறது. ஜூலைக்கு 3பி (ஜிஎஸ்டி ரிட்டர்ன்) ஏற்கெனவே தாக்கல் செய்தாகிவிட்டது. தாக்கல் செய்த தொகையும் ஷீட்டும் ஒத்துப்போகவில்லை என்று அந்த அக்கவுன்டன்ட் தம்பி ராத்திரி ஃபோன் செய்தார். குரலில் அத்தனை பதற்றம். இரண்டு மாதத்திலும் ஒரே செல்லில், பைசா சுத்தமாக ஒரே தொகை இருப்பதைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. பில்லை எடுத்து ஜூலையைத் திருத்தினோம்.

ஷீட்டைத் தேடுவதில் நேரம் போனால் போகட்டும். வேறு ஷீட்டில் எண் விழுந்தால் அதை எப்போது கண்டுபிடிப்போம் என்றே தெரியாது. மேலே ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் 'குரூப்' என்று வந்திருக்கிறதா, கீழே ஒன்றுக்கு மேற்பட்ட டேப் வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எதையும் தட்டுவதற்கு முன் டேப்பின் மேல் ரைட் கிளிக், அன்குரூப் ஷீட்ஸ்.