மோட்டார் நிற்கும்போது நானோ ஹேங் ஆகிறது, ரிலே ஒட்டிக்கொள்கிறது: உதவி தேவை

கொழிஞ்சாம்பாறைத் தென்னை

வணக்கம். கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்குச் சின்னத் தென்னந்தோப்பு இருக்கிறது. மேல்தொட்டி நிறைந்ததும் கிணற்று மோட்டார் தானாக நிற்க ஒரு சர்க்யூட் செய்தேன். 12 வோல்ட் அடாப்டர், அதை 5 வோல்ட்டாக இறக்கும் 7805 ரெகுலேட்டர், மூளையாக ஆர்டுயினோ நானோ போர்டு, ரிலேயை இயக்க பிசி547 டிரான்சிஸ்டர், மோட்டாரை ஆன் ஆஃப் செய்ய 5 வோல்ட் சுகர் க்யூப் ரிலே, அதன் காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு, ஒரு எல்சிடி டிஸ்ப்ளே. தொட்டிக்குள் இரண்டு செம்புக் கம்பிகள்தான் சென்சார். தொட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் சுமார் 40 மீட்டர் ஒயர்.

மேசை மேல் 60 வாட் பல்பு மாட்டி மூன்று நாள் ஓட்டினேன், ஒரு பிசகும் இல்லை. 1 எச்பி மோட்டாரை மாட்டியதும் தொல்லை தொடங்கியது. ஆன் ஆகும்போது ரிலே 'கர்ர்' என்று அதிர்கிறது. ஆஃப் ஆகும் நேரத்தில் பல தடவை டிஸ்ப்ளே அப்படியே உறைந்துவிடுகிறது. 7805-ஐ விரலால் தொட முடியவில்லை.

போன வாரம் ரிலே ஆஃப் ஆகியும் மோட்டார் நிற்கவில்லை. காலையில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் ரிலேயைத் தட்டியதும் நின்றது. எங்கள் பக்கம் பாலக்காட்டிலேயே வறண்ட பகுதி, கிணற்றில் ஊறுவதே கொஞ்சம். விடிய விடிய அது வழிந்து ஓடியிருந்தது. அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

நானோவை இரண்டு தடவை மாற்றினேன், புரோகிராமைத் திரும்ப எழுதினேன், பலன் இல்லை. 25 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் (அசையும் பாகம் இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலே) வாங்கிப் போட்டால் தீருமா?

பொள்ளாச்சி ரேடியோ

தம்பி, பல்பில் ஓடியது மோட்டாரில் கெடுகிறது என்றால் புரோகிராமைத் தொடாதே. நானோ மாற்றுவதையும் நிறுத்து. எதையும் வாங்குவதற்கு முன்னால் அளந்து பார்.

230 வோல்ட் ஒயர்களை முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு, 12 வோல்ட் மட்டும் கொடு. ரிலே ஆன் ஆகியிருக்கும்போது காயிலின் இரண்டு முனைகளுக்கு நடுவில் எத்தனை வோல்ட்? டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில் எத்தனை? அதன் மூன்றாவது காலான பேஸுக்குப் போகும் ரெசிஸ்டரின் நிறக்கோடுகள் என்ன? இந்த மூன்றையும் சொல்.

கொழிஞ்சாம்பாறைத் தென்னை

அளந்துவிட்டேன் சார். காயிலில் 3.4 வோல்ட். கலெக்டர்-எமிட்டரில் 1.6. ரெசிஸ்டரில் பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு. 1 கே (1000 ஓம்ஸ்) என்று நினைத்துத்தான் போட்டேன்.

பொள்ளாச்சி ரேடியோ

அது 10 கே. 1 கே என்றால் மூன்றாவது கோடு சிவப்பாக இருக்கும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இந்த இரண்டு நிறமும் ஒன்றுபோலத் தெரியும், அதனால் சால்டர் வைக்கும் முன் ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

கணக்கைப் பார். நானோ பின் 5 வோல்ட், பேஸில் 0.7 போகும். மிச்சம் 4.3 வோல்ட்டை 10 கே-யால் வகுத்தால் 0.43 மில்லி ஆம்பியர். பிசி547-இன் கெயின், அதாவது பேஸ் கரண்டை அது பெருக்கும் மடங்கு, 110-இலிருந்து தொடங்குகிறது. உன் கையில் இருப்பது அந்த அடிமட்டத்துப் பீஸ்போல, கலெக்டரில் 50 மில்லி ஆம்பியர்கூட வரவில்லை. அந்த 5 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 70 ஓம்ஸ், முழுதாக இழுக்க 71 மில்லி ஆம்பியர் வேண்டும். 50 மில்லி ஆம்பியரை 70 ஓம்ஸால் பெருக்கினால் 3.5 வோல்ட், உன் மீட்டரும் ஏறக்குறைய அதையேதான் காட்டுகிறது. ரிலே அரை பலத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே தொட்டுக்கொள்ளும் காண்டாக்டுகளில் அழுத்தம் இல்லாததால் அதிர்கிறது, அதிரும் ஒவ்வொரு தடவையும் பொறி பறக்கிறது.

1 கே போட்டால் பேஸுக்கு 4.3 மில்லி ஆம்பியர் கிடைக்கும், டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்கும். அப்புறம், அதே அளவில் 12 வோல்ட் காயில் ரிலே வாங்கு. அதன் காயில் 400 ஓம்ஸ், 30 மில்லி ஆம்பியர் போதும். அதை நேராக அடாப்டரின் 12 வோல்ட்டில் கொடு, டையோடைக் கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கம் இருக்கும்படி வை.

7805 சூடும் இதில் பாதி தீரும். 12-ஐ 5 ஆக்க அது 7 வோல்ட்டைத் தானே விழுங்குகிறது. ரிலே, டிஸ்ப்ளே, நானோ சேர்ந்து 150 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு வாட்டுக்கு மேல். ஹீட்சிங்க் இல்லாமல் வாட்டுக்கு சுமார் 65 டிகிரி ஏறும். உங்கள் ஊர் வெயிலில் 100-ஐத் தாண்டும்.

வைண்டிங் கடை, வேலந்தாவளம்

சர்க்யூட்டைப் பற்றிச் சார் சொல்லிவிட்டார். ஆனால் 1 கே போட்டாலும் அந்த ரிலே ஒரு மாசம் தாங்காது தம்பி. ரிலேயின் மேலே எழுதியிருக்கும் 10 ஆம்பியர், ஹீட்டர் மாதிரி லோடுக்கு. 1 எச்பி மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர் எடுக்கும், கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு. அந்த 35 ஆம்பியரில்தான் உன் காண்டாக்ட் உருகி வெல்ட் ஆனது. தட்டினால் விட்டது என்று நீ சொன்னதே அதற்குச் சாட்சி. அந்த ரிலேயை இனி எதற்கும் பயன்படுத்தாதே.

காண்டாக்டர் போடு, அது மோட்டார் லோடைத் தாங்கும் பெரிய ரிலே. ஏசி-3 ரேட்டிங்கில், அதாவது மோட்டாருக்கான கணக்கில், 9 ஆம்பியர் என்று போட்டிருப்பது போதும், கூடவே மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலே. உன் ரிலே காண்டாக்டரின் காயிலை மட்டும் ஆன் ஆஃப் செய்யட்டும்.

எஸ்எஸ்ஆர் இந்த வேலைக்கு வேண்டாம். சூட்டில் 10 வாட் போகும், பெரிய ஹீட்சிங்க் கேட்கும். அதைவிட முக்கியம், அது கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். அதாவது மோட்டார் நிற்காது. நீ எதற்குப் பயந்து கேட்டாயோ அதுவே திரும்ப வரும்.

குப்பம் ஆய்வகம்

ஆஃப் ஆகும்போது ஹேங் ஆவதற்கு வேறு காரணமும் உண்டு. மோட்டார் கரண்டை வெட்டும்போது வரும் பொறியின் இரைச்சல் உங்கள் 40 மீட்டர் ஒயரில் ஏறி நேராக நானோவுக்குள் போகிறது. நானோவின் உள் புல்அப், அதாவது பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர், 20 முதல் 50 கே வரை இருக்கும், அத்தனை நீள ஒயருக்கு அது மிகவும் பலவீனம். வெளியே 1 கே புல்அப் போடுங்கள். பின்னுக்குப் பக்கத்திலேயே கிரவுண்டுக்கு ஒரு 0.1 மைக்ரோ கெபாசிட்டர்.

காண்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓம்ஸ் அரை வாட் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ கெபாசிட்டரும் தொடராக வையுங்கள். கெபாசிட்டரில் எக்ஸ்2, 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்டிருக்க வேண்டும். சாதாரண டிஸ்க் கெபாசிட்டர் கூடாது, தீப்பிடிக்கக்கூடும். இதை ரிலே காண்டாக்டுக்குக் குறுக்கே வைக்காதீர்கள். 50 ஹெர்ட்ஸில் 7 மில்லி ஆம்பியர் வரை கசியும், சின்ன காண்டாக்டர் அதிலேயே விடாமல் முனகும்.

செம்புக் கம்பியை எடுத்துவிடுங்கள். டிசி விடாமல் ஓடினால் ஒரு கம்பி கரைந்து பச்சையாகும், அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கவும் எடுப்பீர்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என, தண்ணீரில் மிதந்து ஆன் ஆஃப் ஆகும் இரண்டு ஃப்ளோட் சுவிட்ச் போதும்.

இன்னொன்று. காண்டாக்டரே ஒட்டினாலும் நானோவால் ஒன்றும் செய்ய முடியாது. அது தனி. ஷாக்கிலிருந்து காக்க, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பெட்டியில் கட்டாயம். தொட்டிப் பக்கம் எந்த ஒயரிலும் 230 வோல்ட் போகவே கூடாது.

கொழிஞ்சாம்பாறைத் தென்னை

கோயம்புத்தூர் போய் எல்லாம் வாங்கி வந்து மாட்டினேன். 1 கே போட்டு, புது ரிலே காயிலில் அளந்தால் 11.8 வோல்ட். 7805 இப்போது வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. 'கர்ர்' சத்தம் இல்லை, காண்டாக்டர் ஒரே அடியில் பிடிக்கிறது. பழைய ரிலேயைப் பிரித்துப் பார்த்தேன், காண்டாக்டில் கரிந்த குழியும் அதற்கு எதிரே ஒரு மேடும்.

நாற்பது தடவை ஆன் ஆஃப் செய்தேன், ஹேங் இல்லை. ஒன்று மட்டும் மிச்சம். சாயங்காலம் கணவாய்க் காற்று பலமாக அடிக்கும்போது மூடியில்லாத தொட்டியில் அலை எழும்பி, மேல் ஃப்ளோட் துள்ளுகிறது. மோட்டார் நின்று நின்று ஓடுகிறது.

பொள்ளாச்சி ரேடியோ

இதற்குப் புரோகிராமைத் தொடலாம். ஃப்ளோட் தொடர்ந்து 5 விநாடி மூடியிருந்தால்தான் நிறைந்தது என்று எடுத்துக்கொள். நின்ற மோட்டார், கீழ் ஃப்ளோட் இறங்கும்வரை திரும்ப ஓடக்கூடாது. தொட்டி நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு தடவை பார்த்து, அதற்கு மேல் கால் மணி கூட்டி அதிகபட்ச நேரமாக வை. தொட்டிக்கு மூடியும் போடு.

கொழிஞ்சாம்பாறைத் தென்னை

போட்டுவிட்டேன் சார். தொட்டி நிறைய 50 நிமிடம் ஆகிறது, 65 வைத்திருக்கிறேன். நேற்று இரவு அப்பாவே சுவிட்சைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்.