அவசரம்: தாத்தா போட்டோல இருக்கிற கார் எது? சனிக்கிழமைக்குள்ள தெரியணும்

கல்மண்டபம்_கார்த்தி | செவ்வாய், இரவு 10.12
வணக்கம். பீரோல பழைய போட்டோ ஒண்ணு கெடச்சுது. தாத்தா, ஆயா, சித்தப்பா மூணு பேரும் ஒரு கார் முன்னாடி நிக்கிறாங்க. என்ன கார்னு வீட்ல யாருக்கும் தெரியல. ஞாயிறு தாத்தாவோட நூறாவது பிறந்த நாள், பிளெக்ஸ்ல கார் பேரோட போடணும். கறுப்புக் கலர், பின்பக்கம் சரிவா இறங்குது, ஸ்டியரிங் லெஃப்ட்ல இருக்கு. படம் இணைச்சிருக்கேன். சீக்கிரம் ப்ளீஸ்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | இரவு 10.31
இன்னாபா, நம்ம ஏரியாவுல நின்ன காருக்கு யோசனையே வேணாம். ஆஸ்டின் ஏ40. 1948-ல அசோக் மோட்டார்ஸ், மறு வருஷமே எண்ணூர்ல ஏ40 பாகங்களைச் சேர்த்துப் பூட்ட ஆரம்பிச்சாங்க. அசோக் லேலண்ட்ங்கிற பேரு 1955-ல தான் வந்துச்சு. ஆஸ்டின்னு போட்டுடு.

பழைய_பிளேட் | இரவு 10.50
படத்தைப் பார்க்காமலே ஆஸ்டின் என்கிறீர்களே. ஏ40-ன் நான்கு கதவு டெவன் மாடலில் பின்கண்ணாடிக்குக் கீழே ஒரு மடிப்பு விழும், டிக்கி தனியாகத் தெரியும். இந்த வண்டியின் கூரை மடிப்பே இல்லாமல் பம்பர் வரை வழிகிறது.

கார்த்தி, இவற்றைச் சொல்லுங்கள்: கதவு இரண்டா நான்கா? நம்பர் பிளேட் எங்கே? போட்டோவின் பின்பக்கம் முத்திரையோ எழுத்தோ உண்டா? அதே நாளில் எடுத்த வேறு படம் இருக்கிறதா? எந்த ஊர், எந்தத் தெரு? கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்புக் கலர் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அந்தக் காலத்து ஃபிலிம் சிலவற்றில் சிவப்பு பதியாது, மெரூன் வண்டி கரியாகத்தான் விழும்.

டபுள்_கிளட்ச் | இரவு 11.05
வாரத்துக்கு ஒரு 'தாத்தா கார்' இழை. புதுசா வர்றவங்க பழைய இழைகளைப் படிச்சுட்டு வரலாம்னு எத்தனை தடவை சொல்றது. சரிவு முதுகு, இடப்பக்க ஸ்டியரிங், கிரில்லில் (முன்பக்கக் கம்பித் தட்டி) தடித்த நெட்டுக்குத்துப் பற்கள். அமெரிக்க வண்டி. 1949 செவர்லே ஃப்ளீட்லைன். முடிஞ்சது, இழையை மூடலாம்.

பேசின்பிரிட்ஜ்_பாபு | இரவு 11.20
மூடாதீங்க சார். அமெரிக்க கார்னா லெஃப்ட் ஸ்டியரிங்னு யார் சொன்னது? ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேர்ந்து 1954 வரைக்கும் பம்பாய் சிவ்ரியில பூட்டி வித்தாங்க, நம்ம ரோட்டுக்கு ஏத்த மாதிரி வலப்பக்க ஸ்டியரிங்கோட. அந்தக் காலத்து மதராஸ் தெருவுல லெஃப்ட் ஸ்டியரிங் நின்னா அதுதான் அதிசயம். முதல்ல அதை விசாரிங்க.

கல்மண்டபம்_கார்த்தி | புதன், காலை 7.40
4 கதவு. பிளேட் தெரியல, சித்தப்பா முன்னாடி நிக்கிறார். பின்னாடி பென்சில்ல 1952. படம் மங்கலா இருந்துச்சு, ஆப்ல போட்டு கிளியர் பண்ணேன்.

சில்வர்_பிரிண்ட் | காலை 8.15
'கிளியர் பண்ணேன்' என்பதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி. அந்த ஆப் படத்தைத் தெளிவாக்காது, இல்லாததை வரைந்து நிரப்பும். மங்கலான கிரில்லைக் கொடுத்தால் தனக்குத் தெரிந்த ஒரு கிரில்லை ஒட்டிவிடும். நீங்கள் போட்ட படத்தில் இடப்பக்கம் ஐந்து பல், வலப்பக்கம் ஏழு. எந்தத் தொழிற்சாலையும் அப்படிச் செய்யாது. டபுள்_கிளட்ச் அடையாளம் கண்டது ஆப் போட்ட செவர்லேயை.

அசல் வேண்டும். இப்படிச் செய்யுங்கள்:

கண்ணாடிச் சட்டத்தில் இருந்தால் முதலில் ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கடலோர வீடுகளில் ஈரத்தால் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். ஒட்டியிருந்தால் உரிக்கவே கூடாது, மேல்தோல் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். போஸ்ட்கார்டு அளவென்றால் 600 டிபிஐ, இரண்டரை அங்குலச் சின்னப் பிரிண்ட் என்றால் 1200. கறுப்பு வெள்ளை என்று வைக்காமல் கலரிலேயே எடுங்கள், மஞ்சள் கறையைப் பிறகு பிரித்தெடுக்க உதவும். ஷார்ப்னஸ், டஸ்ட் ரிமூவல் இரண்டையும் அணைத்துவிடுங்கள். டிஃப் அல்லது பிஎன்ஜி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் அமுக்கிவிடும்.

ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோர வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம், போனைக் கிட்டே கொண்டுபோகாமல் இரண்டு மடங்கு ஜூமில் தள்ளி நின்று எடுங்கள். பின்பக்கத்துக்கு டார்ச்சை மேஜையோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள், அழுத்திய ஸ்டூடியோ முத்திரை இருந்தால் நிழல் விழுந்து தெரியும்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | காலை 9.02
பின்னாடி தூண் தூணா தெரியுதே, அது ராயபுரம் ஸ்டேஷன். இந்தியாவோட முதல் ஸ்டேஷன். அப்போ லோக்கல் வண்டி தான்.

டபுள்_கிளட்ச் | காலை 9.30
முதல் ஸ்டேஷன் பம்பாய் போரிபந்தர், 1853. ராயபுரம் 1856. எண்ணூர்க்காரங்க எதையும் எண்ணூர்லேர்ந்தே எண்ணுவாங்க.

பேசின்பிரிட்ஜ்_பாபு | காலை 9.41
அந்த போரிபந்தர் கட்டடம் இப்ப இல்ல. இன்னிக்கும் நிக்கிறதுல பழசு ராயபுரம் தான். ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி சரி.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | காலை 9.44
பாதி இல்ல, முழுசா சரி.

(இதே தூண் விஷயமா இன்னும் பதினோரு பதில்கள்)

கல்மண்டபம்_கார்த்தி | மதியம் 1.18
அசல் ஸ்கேன் போட்டுட்டேன். பிரவுசிங் சென்டர்ல 600-ல எடுத்தது. ஸ்டேஷன் சண்டைய அப்புறம் வச்சுக்கலாமா?

சில்வர்_பிரிண்ட் | மதியம் 2.05
அருமை. இப்போது கிரில்லில் நெட்டுக்குத்துப் பல் எதுவும் இல்லை, கிடைமட்டக் கம்பிகள்தான் லேசாகத் தெரிகின்றன.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. தாத்தாவின் சட்டைப் பாக்கெட் எந்தப் பக்கம்? அவருக்கு வலது மார்பில் இருக்கிறது. ஆயாவின் முந்தானை வலது தோளில் விழுகிறது. கைக்கடிகாரமும் வலது மணிக்கட்டில். ஒன்று மாறியிருந்தால் பழக்கம் எனலாம். மூன்றும் மாறியிருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். நம்பர் பிளேட்டோ கடை போர்டோ தெரிந்திருந்தால் அப்போதே கண்டுபிடித்திருப்பார்கள். பிளேட்டை சித்தப்பா மறைத்துவிட்டார்.

ஆக ஸ்டியரிங் வலப்பக்கம். சாதாரண இந்திய வண்டி.

பேசின்பிரிட்ஜ்_பாபு | மதியம் 2.11
அப்படிப் போடு! அந்தத் தூணும் இடவல மாறித்தான் இருக்கும், அதை வச்சு ஸ்டேஷன்னு சொன்னவங்க கவனிக்க.

பழைய_பிளேட் | மாலை 4.40
இனி அளந்தே பார்த்துவிடலாம். முகஜாடையை வைத்துச் சொன்னால் ஏமாந்துபோவோம், வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம், ஏமாற்றாது.

முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை படத்தில் எத்தனை பிக்சல் என்று அளக்கவும். டயரின் வெளி அகலத்தையும் அளக்கவும். முதலாவதை இரண்டாவதால் வகுக்கவும். வண்டி சாய்வாக நிற்பதால் டயர் முட்டை வடிவில் தெரியும். அதன் உயரத்தை எடுக்கக் கூடாது, கிடைமட்ட அகலத்தை மட்டுமே எடுக்க வேண்டும். சாய்வில் வீல்பேஸ் எவ்வளவு குறுகுகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் அந்த அகலமும் குறுகும். கேமராவுக்கு அருகில் உள்ள சக்கரம் பெரிதாக விழும் என்பதால் இரண்டு சக்கரத்தையும் அளந்து சராசரி எடுக்கவும். டயரின் தரையில் படும் பட்டையின் தடிமனைச் சேர்த்துவிட்டால் கணக்குக் கெடும், முன்முகத்து வட்டம் மட்டும்.

ஒப்பிட: 1949 ஃப்ளீட்லைன் வீல்பேஸ் 115 அங்குலம், டயர் சுமார் 28. விகிதம் 4-க்கு மேல். இதே போலச் சரிவு முதுகுள்ள பிரிட்டிஷ் கார் ஸ்டாண்டர்டு வான்கார்டு, அதன் முதல் வடிவம் 94 அங்குலம், 16 அங்குல ரிம், டயர் சுமார் 27. விகிதம் 3.5. ஆஸ்டின் டெவனும் 92.5 அங்குலம், 3.5 பக்கம்தான் வரும். ஆனால் அதன் முதுகு வேறு என்று முன்பே சொல்லிவிட்டேன்.

நான் உங்கள் ஸ்கேனில் அளந்ததில் 3.4. வான்கார்டு. குட்டையான உடம்பு, தொப்பை விழுந்த கதவுகள், அமெரிக்க ஜாடை. அந்த ஜாடையை வேண்டுமென்றேதான் வைத்தார்கள், பிளிமத்தைப் பார்த்து வரைந்த உருவம் அது. ஃப்ளீட்லைன் என்று தோன்றியதில் வியப்பில்லை.

1953-ல் வந்த இரண்டாம் வடிவத்துக்குத் தனி டிக்கி உண்டு. ஆகப் பென்சிலில் எழுதிய 1952-ம் பொருந்துகிறது. ஆனால் அது படம் எடுத்த வருஷம், வண்டியின் வருஷம் அல்ல. பிளெக்ஸில் '1952 வான்கார்டு' என்று போட்டுவிடாதீர்கள்.

டபுள்_கிளட்ச் | மாலை 5.15
ஆப் போட்ட படத்தைக் கொடுத்துட்டு என் தலையில கட்டினா எப்படி. எனக்கு முதல்லயே சந்தேகம் இருந்தது. வான்கார்டு தான், நம்ம வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் பூட்டினது. 2088 சிசி, டிராக்டர் இன்ஜின்.

பழைய_பிளேட் | மாலை 5.32
இங்கே பூட்டியதா, இறக்குமதியா என்பது படத்தில் தெரியாது. வண்டியில் அடித்திருக்கும் சேஸிஸ் எண் தகட்டைப் பார்த்தால்தான் உண்டு.

கேஸ்கெட்_பெரம்பூர் | மாலை 5.50
டிராக்டர் இன்ஜினைக் கார்ல போட்டதா சொல்லாதீங்க. அந்த ஃபெர்குசன் டிஇ20 டிராக்டர் ஆரம்பத்துல கான்டினென்டல் இன்ஜினோட தான் வந்துச்சு. ஸ்டாண்டர்டு இன்ஜின் அப்புறம் போனது, அதுவும் முதல்ல 80 மிமீ போர் (சிலிண்டர் விட்டம்). கார்ல 85. டிராக்டருக்கு 85 வந்தது 1951 வாக்குல.

டபுள்_கிளட்ச் | மாலை 6.01
ரெண்டும் ஒரே குடும்பம்னு தான் சொன்னேன். டிராக்டர் லைனரே (சிலிண்டருக்குள்ள போடுற குழாய்) பொருந்துதே.

கேஸ்கெட்_பெரம்பூர் | மாலை 6.20
85 மிமீ லைனர் பொருந்தும், சுத்தி தண்ணி ஓடுற ஈர லைனர் தானே, தட்டி எடுத்துட்டு வேற போடலாம். ஆனா பிஸ்டன் பார்த்து வாங்கணும். கெரசின்ல ஓடுற டிராக்டரோட பிஸ்டன்ல கம்ப்ரஷன் கம்மி. அதைப் போட்டா வண்டி ஸ்டார்ட் ஆகும், மேம்பாலம் ஏறாது. லைனருக்குக் கீழ இருக்கிற எட்டு வடிவ கேஸ்கெட் பழசையே திரும்பப் போட்டா தண்ணி கீழ ஆயில் தொட்டிக்குள்ள (சம்ப்) இறங்கிடும். ஆயில் பால் கலந்த காபி மாதிரி ஆனா அதுதான் காரணம்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | மாலை 6.44
எல்லாம் சரி, ஆஸ்டின் இல்லன்னு இன்னும் ருசுவாகல. மூக்குல ஆஸ்டினோட பறக்கிற 'ஏ' எழுத்துச் சின்னம் இருந்துச்சுன்னா?

சில்வர்_பிரிண்ட் | மாலை 6.58
மூக்கில் தாத்தாவின் கை இருக்கிறது.

கல்மண்டபம்_கார்த்தி | வெள்ளி, இரவு 9.03
நானும் அளந்தேன், ரெண்டு தடவை 3.4, ஒரு தடவை 3.5. 'ஸ்டாண்டர்டு வான்கார்டு'னு போட்டு பிளெக்ஸ் அடிக்கக் குடுத்துட்டேன். 8க்கு 6 அடி. எல்லாருக்கும் நன்றி.

சில்வர்_பிரிண்ட் | இரவு 9.10
மகிழ்ச்சி தம்பி. திருப்பிச் சரிசெய்த படத்தைத்தானே கொடுத்தீர்கள்?

சில்வர்_பிரிண்ட் | சனி, காலை 10.25
கார்த்தி?